ஸ்லாவிய மொழியியலின் இரண்டு மேடைகள்: எஃப்ஏஎஸ்எல், எஃப்டிஎஸ்எல் கருத்தரங்குகள் குறித்த மதிப்புரை

ரஷ்யம், போலிஷ், செக், செர்பியம், பல்கேரியம் போன்ற ஸ்லாவிய மொழிகளை ஆக்கமுறை மொழியியல் (மனத்தில் உள்ள இலக்கண விதிகள் வாக்கியங்களை ஆக்குகின்றன என்று பார்க்கும் கோட்பாடு) வழியில் ஆராய்பவர்களுக்கு இரண்டு கருத்தரங்குகள்தாம் தாய்வீடு. ஒன்று வட அமெரிக்காவில் நடக்கும் எஃப்ஏஎஸ்எல் (Formal Approaches to Slavic Linguistics). ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1992இல் முதல் கூட்டம் நடந்தது. அதன்பின் ஆண்டுதோறும் வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் ஏற்று நடத்துகின்றன. மற்றொன்று ஐரோப்பாவின் எஃப்டிஎஸ்எல் (Formal Description of Slavic Languages). அது 1995இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் தொடங்கி, பல ஆண்டுகள் லைப்ஸிக்கும் போட்ஸ்டாமுமாக மாறி மாறி நடந்தது. இடையில் வேறு ஊர்களில் கூடியபோது அரை எண் கொடுத்தார்கள். ஸ்லோவேனியாவின் நோவா கோரிட்சாவில் 2017இல் நடந்த கூட்டத்தின் எண் 12.5. நூலகப் பட்டியலில் இந்த அரை எண்ணைப் பார்த்துப் பிழையென்று நினைத்துவிட வேண்டாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் ஸ்லாவியத் தரவும், அதிலிருந்து பிறக்கும் கூர்மையான ஒரே ஒரு கணிப்பும் இருந்தால் இவற்றைவிடப் பொருத்தமான அரங்கு கிடையாது. விரிவான விவரணை, வட்டார வழக்குத் தொகுப்பு, வரலாற்று மொழியியல் போன்றவை என்றால் 2006இல் தொடங்கிய ஸ்லாவிய மொழியியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நல்லது. அங்கே எந்தக் கோட்பாட்டுக்காரருக்கும் இடம் உண்டு.

ஒரு மொழிக்குடும்பத்துக்கென்று தனிக் கருத்தரங்கு ஏன்? ஆக்கமுறை ஒலியனியலின் பிறப்பிலேயே ரஷ்யம் இருக்கிறது. மோரிஸ் ஹாலி 1959இல் வெளியிட்ட ரஷ்ய ஒலியமைப்பு நூலில் வைத்த வாதம் இன்றும் வகுப்பறையில் நடத்தப்படுகிறது. ரஷ்யத்தில் ஒலிப்பிலா மெய் (குரல்நாண் அதிராமல் பிறப்பது, ஆங்கில k போல), ஒலிப்புடைய தடைமெய்க்கு (குரல்நாண் அதிர, காற்று தடைபட்டுப் பிறப்பது, b, g போல) முன்னால் வந்தால் தானும் ஒலிப்புடையதாகிவிடும். 'மோக் பி' என்று எழுதினாலும் வாயில் வருவது, 'நகம்' என்பதன் நடுவில் வரும் ககர ஒலிக்கு நெருங்கிய ஒன்று. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'க்'தான் என்பதால் நமக்கு இது வேறுபாடாகவே படாது. ரஷ்யத்தில் அவை இரண்டும் தனித்தனி ஒலியன்கள், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் ஒலிகள். ஆனால் 'ஜெச் பி' என்பதில் சகரம் ஒலிப்புடையதாக மாறும்போது பிறக்கும் ஒலி அந்த மொழியில் தனி ஒலியனே இல்லை. பழைய முறைப்படி ஒலியன் அடுக்கு என்று ஒன்றை நடுவில் வைத்தால், ஒரே நிகழ்வை இரண்டு விதிகளாக உடைத்து எழுத வேண்டிவரும். அந்த அடுக்கே வேண்டாம் என்றார் ஹாலி.

இன்னொரு காரணம் இந்த மொழிகளின் நெருக்கம். ஒரே வேரிலிருந்து வந்த பத்துப் பதினைந்து மொழிகளில், மற்றவை ஏறத்தாழ ஒன்றாக இருக்க, ஒரே ஒரு கூறு மட்டும் மாறும் இடங்கள் நிறைய. 'யார் யாரைப் பார்த்தார்?' என்ற வாக்கியத்தில் ஸ்லாவிய மொழிகள் இரண்டு வினாச்சொற்களையும் முன்னால் கொண்டுபோகும். பல்கேரியத்தில் 'கொய் கொகோ எ வித்யால்' சரி. வினாச்சொற்களை இடம் மாற்றி 'கொகோ கொய்' என்றால் தவறு. இரண்டுக்கும் இடையே துணைவினை 'எ' நுழையவும் முடியாது. செர்பிய-குரோவாசியத்திலோ 'கோ யே கோகா விதியோ' என்று துணைவினை நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. 'கோகா யே கோ விதியோ' என்றும் சொல்லலாம். கேத்தரின் ருடின் 1988இல் இந்த வேறுபாட்டை வைத்து, முன்னே நகரும் வினாச்சொற்கள் ஒரே இடத்தில் குவிகின்றனவா, தனித்தனி இடங்களில் அமர்கின்றனவா என்று கேட்டார். இந்தத் தலைப்பில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் எவரும் அந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

பெயரடையைப் பெயரிலிருந்து பிரித்து முன்னே கொண்டுபோவது அடுத்த எடுத்துக்காட்டு. 'யாருடைய புத்தகத்தைப் படித்தாய்?' என்பதற்குச் செர்பியத்தில் 'ச்சியு சி ச்சிதாவோ க்ன்யிகு' என்று 'யாருடைய' மட்டும் முன்னே போகலாம், 'புத்தகம்' பின்னால் தங்கிவிடலாம். பல்கேரியத்தில் அது முடியாது. பல்கேரியத்திலும் மாசிடோனியத்திலும் சுட்டு விகுதி (ஆங்கில 'the' தரும் பொருளில் சொல்லின் ஈற்றில் ஒட்டுவது) உண்டு. ஏனைய பெரிய ஸ்லாவிய மொழிகளில் இல்லை. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஜெல்கோ பொஷ்கோவிச், சுட்டு இல்லாத மொழிகளில்தான் இப்படிப் பிரிக்க முடியும் என்ற பொதுமையை 2005, 2008 கட்டுரைகளில் வளர்த்தார். அது ஒருவழிப் பொதுமை. சுட்டு இல்லாத எல்லா மொழியும் பிரிக்க இடம் தரும் என்று அது சொல்லவில்லை. தமிழில் சுட்டு விகுதி இல்லை. 'யாருடைய நேற்று நீ புத்தகத்தைப் படித்தாய்?' என்பதும் காதுக்கு ஒவ்வவில்லை. இதைக் காட்டிப் பொஷ்கோவிச்சை மறுத்துவிட்டதாக எழுதினால் மதிப்பீட்டாளர் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்.

இனி நடைமுறை. எஃப்ஏஎஸ்எல் வழக்கமாக மே மாதம் நடக்கும், மூன்று நாள். பெரும்பாலும் ஒரே அரங்கு, இணை அமர்வு கிடையாது. ஒலியனியல்காரர் தொடரியல் உரையைக் கேட்டே ஆக வேண்டும், தொடரியல்காரர் பொருண்மையியல் உரைக்குக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். இந்தக் கருத்தரங்கின் மிகப்பெரிய பலம் இதுதான். இணை அமர்வுகள் உள்ள பெரிய கூட்டங்களில் ஒவ்வோர் உரைக்கும் எட்டுப் பத்துப் பேர் சிதறுவார்கள். இங்கே வந்தவர்கள் எல்லாரும் உங்கள் முன் இருப்பார்கள். எஃப்டிஎஸ்எல் பெரும்பாலும் ஆண்டின் பின்பகுதியில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் நடக்கும். ஒரு குறிப்பிட்ட தலைப்பில் துணைப் பயிலரங்குகளையும் சேர்த்து வைப்பதுண்டு. அதில் அரங்குகள் பிரியக்கூடும். உரைக்கு 20 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம் என்பது பொது வழக்கம்.

வெற்றி தோல்வி முடிவாவது ஆய்வுச் சுருக்கத்தில். பெயர் இல்லாமல் இரண்டு பக்கம், ஓரத்தில் ஓர் அங்குல இடைவெளி, எழுத்து 11 அல்லது 12 புள்ளி என்பது அன்றாட விதி. எடுத்துக்காட்டும் மேற்கோள் பட்டியலும் அந்த இரண்டு பக்கத்துக்குள்ளா, வெளியேவா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவிப்பை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். ஒருவர் தனியாக ஒன்று, கூட்டாக ஒன்று என்ற வரம்பும் வழக்கம். அமெரிக்கக் கூட்டத்துக்கு லெட்டர் தாள், ஐரோப்பியக் கூட்டத்துக்கு ஏ4. ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ., லெட்டர் தாளின் உயரம் 27.9 செ.மீ. ஏ4இல் இரண்டு பக்கம் சரியாக நிரம்பியதை அப்படியே லெட்டருக்கு மாற்றினால் மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி வழியும். அந்த நான்கு வரிக்காகவே தள்ளுபடி ஆகலாம்.

நல்ல சுருக்கத்தின் உள்ளமைப்பு இப்படி இருக்கும். முதல் ஐந்தாறு வரிக்குள் புதிரும் முடிவும் வந்துவிட வேண்டும். பிறகு தரவு: ஒரே ஒரு கூறில் மட்டும் வேறுபடும் வாக்கிய இணைகள் மூன்றோ நான்கோ. அடுத்து, இதுவரை சொல்லப்பட்ட விளக்கம் எந்த எடுத்துக்காட்டில் தோற்கிறது என்பது. அதன்பின் புதிய விளக்கம். இறுதியில் அந்த விளக்கம் வேறொரு கட்டமைப்பில் என்ன கணிக்கிறது, அந்தக் கணிப்பு பலிக்கிறதா என்பது. கடைசிப் பகுதிதான் பலரிடம் இல்லை. ரஷ்ய எண்ணுப்பெயர்களை எடுத்துக்கொள்வோம். 'இரண்டு மேசை' என்றால் 'த்வா ஸ்தலா', பெயர் ஆறாம் வேற்றுமை ஒருமையில் நிற்கும். 'ஐந்து மேசை' என்றால் 'ப்யாத் ஸ்தலோவ்', ஆறாம் வேற்றுமைப் பன்மை. இதை விவரித்துவிட்டு 'இரண்டு, மூன்று, நான்குக்கு ஒரு தனிக்கூறு உண்டு' என்று முடித்தால் அது தரவுக்குச் சூட்டிய பெயர்தான், விளக்கம் ஆகாது. முழுத் தொடரும் மூன்றாம் வேற்றுமையோ நான்காம் வேற்றுமையோ ஏற்கும்போது பெயர் எண்ணுப்பெயரோடு ஒத்துப் பன்மைக்கு மாறிவிடுகிறது. முன்வைக்கும் கூறு இதையும் சேர்த்துக் கணிக்கிறதா என்று காட்டினால்தான் மதிப்பெண். டேவிட் பெசட்ஸ்கி 2013இல் ரஷ்ய வேற்றுமை பற்றி ஒரு முழு நூலே எழுதியிருப்பதால், அதற்கு மாறுபடும் கணிப்பு எது என்றும் ஒரு வரி வேண்டும். எதிர்மறை வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமைக்குப் பதில் ஆறாம் வேற்றுமை வரும் 'நான் செய்தித்தாள் படிப்பதில்லை' வகைக்கு லியனார்ட் பேபியின் 1980 நூல் அதே மாதிரியான வாசல்.

சுருக்கம் திரும்பி வருவதற்குச் சின்னக் காரணங்களும் உண்டு. 'என் 2019 கட்டுரையில் காட்டியபடி' என்று எழுதினால் பெயர் மறைத்ததற்குப் பொருளில்லை. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தங்கியிருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அனுப்புமுன் அதைத் திறந்து அழித்துவிட வேண்டும்.

தரவின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. வாக்கியத்தின் முன் ஒரு நட்சத்திரக்குறி போட்டுத் 'தவறு' என்று சொல்வது இந்தத் துறையின் அடித்தளம். யார் சொன்னார்? ஸ்ப்ரவுஸ், ஷூட்ஸே, அல்மேய்டா மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முன்னணி இதழில் 2001 முதல் 2010 வரை வந்த ஆங்கிலத் தீர்ப்புகளைச் சோதனையோடு ஒப்பிட்டபோது ஏறத்தாழ 95 விழுக்காடு ஒத்துப்போயின. அது ஆங்கிலம். ஆயிரம் கண்கள் பார்க்கும் மொழி. எபிரேயத்திலும் ஜப்பானியத்திலும் லின்ஸனும் ஓசேகியும் 2018இல் ஐயத்துக்குரிய தீர்ப்புகளைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தபோது பல நிற்கவில்லை. ஸ்லாவியத்தில் சிறிய மொழிகளுக்கு இந்த எச்சரிக்கை முழுதாகப் பொருந்தும். ஆகவே சுருக்கத்திலேயே எத்தனை பேரிடம் கேட்டது, எந்த ஊர்க்காரர்கள், எந்த அளவுகோல் என்று ஒரு வரி எழுதுவது நல்லது. செர்பியத்தை பெல்கிரேடில் கேட்டதா, நீஷில் கேட்டதா என்பது ஒட்டுச்சொல் (தனித்து நிற்காமல் அடுத்த சொல்லைச் சார்ந்து ஒலிக்கும் சிறு சொல்) வரிசையிலேயே பதிலை மாற்றக்கூடும்.

தீர்ப்பு மனிதருக்கு மனிதர் வேறுபட்டால் அதை மறைக்கக் கூடாது. அதுவே ஆய்வாகலாம். ஸ்லோவேனியத்தில் 'பசுக்களும் கன்றுகளும் மேயப் போயின' என்பதில் பசு பெண்பால், கன்று அலிப்பால். வினை எதோடு ஒத்துப்போகும்? அருகில் இருக்கும் கன்றோடு ஒத்தால் 'ஒத்ஷ்லா', முதலில் வரும் பசுவோடு ஒத்தால் 'ஒத்ஷ்லே', இரண்டையும் விட்டு ஆண்பாலுக்குப் போனால் 'ஒத்ஷ்லி'. மூன்றும் கேட்கப்படுகின்றன. மாருஷிச், நெவின்ஸ், பெடெக்கர் 2015 கட்டுரை இந்த மூன்றையும் தனித்தனி இலக்கணங்களாக எடுத்துக்கொண்டு சோதனை செய்தது. தடுமாறும் தரவையே தூணாக்கிய வேலை அது.

எடுத்துக்காட்டு எழுதும் முறைக்கு, வாக்கியத்தின் கீழே சொல்லுக்குச் சொல் பொருளும் இலக்கணமும் குறிப்பதற்கான லைப்ஸிக் சொல்விளக்க விதிகள் பத்தும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். உருபுக்கு உருபு இணைகோடு, மொழிபெயர்ப்பு தனி வரி. எழுத்துப்பெயர்ப்பில் தவறுகள் அதிகம். ஒரே சிரிலிக் எழுத்து ரஷ்யத்தில் 'ஷ்ச்', பல்கேரியத்தில் 'ஷ்ட்'. ரஷ்யத்தில் ஓசையே இல்லாத வன்குறி, பல்கேரியத்தில் ஓர் உயிர். ரஷ்யத்தில் ஒலிப்புடைய 'க' ஒலி (ஆங்கில g) தரும் எழுத்து, உக்ரைனியத்தில் 'ஹ'. ரஷ்ய அட்டவணையை வைத்து உக்ரைனியத்தை எழுத்துப்பெயர்த்தால் உக்ரைனிய மதிப்பீட்டாளர் முதல் எடுத்துக்காட்டிலேயே நம்பிக்கை இழப்பார். வேர்ட் கோப்பில் டேப் விசையால் சொற்களை நேர்ப்படுத்தினால் இன்னொரு கணினியில் சிதறும். கோடில்லாத அட்டவணை போடுவது பாதுகாப்பு. லேடெக் (LaTeX) என்ற ஆவண அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், எடுத்துக்காட்டுகளை எண்ணிட்டு அடுக்கும் ஜிபி4இ (gb4e) தொகுப்பைக் கடைசியாக ஏற்ற வேண்டும். அது கீழ்க்கோட்டையும் தொப்பிக்குறியையும் தன் வசம் எடுத்துக்கொள்வதால் பிற தொகுப்புகள் உடையும். நோஆட்டோமேத் (\noautomath) கட்டளை அதை நிறுத்தும்.

உரைக்கு ஹேண்ட்அவுட் (கேட்பவர்களுக்குத் தரும் அச்சுத் தாள்) கொண்டுபோவது இன்னும் மதிக்கப்படும் பழக்கம். ஆறு பக்கத்துக்கு மேல் வேண்டாம், எடுத்துக்காட்டுகளுக்குத் தொடர் எண் வேண்டும். கேள்வி கேட்பவர் 'உங்கள் 14ஆம் எண்' என்று கேட்பார். திரையில் மட்டும் காட்டினால் அந்த 14ஐத் தேடுவதிலேயே பத்து நிமிடத்தில் இரண்டு போய்விடும். 20 நிமிடத்தில் 12, 15 எடுத்துக்காட்டுக்கு மேல் யாராலும் நிதானமாகச் சொல்ல முடியாது. அரங்கில் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர் நான்கைந்து பேர் இருப்பார்கள். இது வேறெங்கும் எளிதில் கிடைக்காத வசதி, அதே அளவு கடினமானதும்கூட: தவறான தீர்ப்பு ஒன்று இருந்தால் அங்கேயே பிடிபடும்.

குறைகளுக்கு வருவோம். ரஷ்யத்தின் பக்கம் சாய்வு வெளிப்படை. செக், போலிஷ், செர்பிய-குரோவாசியம் ஆகியவை அடுத்து வரும். சோர்பியம், கஷூபியம், ருசின் போன்ற சிறிய மொழிகள் எப்போதாவது. மேல் சோர்பியம் பேசப்படும் பவுட்ஸன் பகுதி, எஃப்டிஎஸ்எல் பிறந்த லைப்ஸிக் இருக்கும் அதே சாக்ஸனி மாநிலத்தில் இருக்கிறது. இருமை எண்ணை (இரண்டை மட்டும் குறிக்கும் தனி வடிவத்தை) இன்றும் காக்கும் மொழி அது, ஸ்லோவேனியத்தைப் போல. அதைப் பற்றிய உரைகள் இன்னும் அதிகம் வர வேண்டும். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு ஸ்லாவிய ஆய்வுத் துறைகளில் ரஷ்ய மையப் போக்கைக் கேள்விக்குள்ளாக்குவது வலுத்திருக்கிறது. உக்ரைனியத் தரவோடு வருபவர்கள் தயங்காமல் அனுப்பலாம்.

வெளியீட்டில் எஃப்டிஎஸ்எல் தெளிவாக முந்துகிறது. முன்பு பீட்டர் லாங் நிறுவனத்தின் விலையுயர்ந்த தொகுதிகளாக வந்தவை, இப்போது லாங்வேஜ் சயன்ஸ் பிரஸ் வெளியீடாக இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. தாமதம் உண்டு: 2016 தொகுதி 2018இலும், 2017 தொகுதி 2020இலும் வந்தன. எஃப்ஏஎஸ்எல் தொகுதிகள் நீண்ட காலம் மிச்சிகன் ஸ்லாவிக் பதிப்பகத்தில், கூட்டம் நடந்த இடத்தின் பெயரோடு வந்தன. பழையவற்றை எடுக்க நல்ல பல்கலைக்கழக நூலகம் வேண்டும். பிற்காலக் கட்டுரைகள், 1993இல் தொடங்கிய ஸ்லாவிய மொழியியல் இதழின் கூடுதல் இதழாகவும் வந்திருக்கின்றன.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு நாள்காட்டிதான் பெரிய தடை. எஃப்ஏஎஸ்எல் முடிவு மார்ச் வாக்கில் தெரிந்து, மே மாதம் கூட்டம் என்றால் அமெரிக்க விசா நேர்காணல் தேதி அதற்குள் கிடைப்பது அரிது. எஃப்டிஎஸ்எல் நடக்கும் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு)ப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, முடிவுக்கு வழக்கமாக 15 நாள். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு எழுதிவிட வேண்டும். அதில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். முதல் முறைக்கு எஃப்டிஎஸ்எல்தான் நடைமுறையில் எளிது.

தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு இங்கே இயல்பான நுழைவாயில் ஒன்று இருக்கிறது. ரஷ்யத்தில் 'ம்ன்யே ஹோலத்ன' என்றால் சொல்லுக்குச் சொல் 'எனக்குக் குளிர்'. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் வருவது இரண்டிலும் ஒன்று. அந்த 'எனக்கு' எழுவாயா? மூரும் பெர்ல்மட்டரும் 2000இல் ரஷ்யத்துக்கு இதையே கேட்டு, நான்காம் வேற்றுமையில் வருவன எல்லாம் எழுவாய் அல்ல, சில எழுவாயின் சில பண்புகளை மட்டும் காட்டுகின்றன என்று பிரித்தார்கள். அவர்கள் எடுத்த சோதனைகளில் ஒன்று தற்சுட்டு (எழுவாயையே திரும்பக் குறிக்கும் சொல்): ரஷ்யத்தில் 'ஸ்வொய்', தமிழில் 'தன்'. 'குமாருக்குத் தன் வீடு பிடிக்கும்' என்பதில் 'தன்' குமாரையே குறிக்கிறது. வினையோ குமாரோடு ஒத்துப்போகவில்லை, 'பிடிக்கும்' என்று அஃறிணை வடிவில் நிற்கிறது. இந்த இரண்டு சோதனையையும் ரஷ்யத்தின் ஒவ்வொரு நான்காம் வேற்றுமை வகைக்கும் ஓட்டி, தமிழோடு எங்கே பிரிகிறது என்று பார்த்தால் இரண்டு பக்கச் சுருக்கத்துக்கு வேண்டிய தரவு கிடைத்துவிடும். ஸ்லாவியத் தரவு மையத்திலும், தமிழ் கட்டுப்பாட்டுத் தரவாக ஓரத்திலும் இருக்க வேண்டும். தமிழே மையம் என்றால் தெற்காசிய மொழிகளுக்கென்று இதே பாணியில் நடக்கும் எஃப்ஏஎஸ்ஏஎல் கருத்தரங்குக்கு அனுப்புவது முறை. தொடங்குமுன் லாங்வேஜ் சயன்ஸ் பிரஸ்ஸின் 2016 தொகுதியை இறக்கி, அதில் இரண்டு கட்டுரைகளின் முதல் பக்கத்தை மட்டும் படித்து, புதிர் எந்த வரியில் வருகிறது, கணிப்பு எந்த வரியில் வருகிறது என்று பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள்.